போக விடுகிறோம் என்றார் டாரில்

லோசாவுக்கு இருபதுக்கு இருபது. வகுப்பிலேயே அவளுக்கு மட்டும்தான்.

ஆங்கிலப் பேச்சில் வரும் விசித்திரமான தொடர்களைப் பற்றிய தேர்வு அது. சொல்வது ஒன்றாக இருக்கும், பொருள் வேறொன்றாக இருக்கும். 'நாயும் பூனையுமாக மழை பெய்கிறது' என்றால் அடைமழை. 'அது ஒரு கேக் துண்டு' என்றால் ரொம்பச் சுலபம். 'பைக்குள் இருந்த பூனையை வெளியே விட்டுவிட்டான்' என்றால் ரகசியத்தை உளறிவிட்டான்.

பதற்றத்தைக் குறிக்கும் 'என் வயிற்றில் பட்டாம்பூச்சி' என்ற தொடருக்கு, கடைசி வரிசை ஜாரட் 'பூச்சி மருந்து சாப்பிட வேண்டும்' என்று எழுதியிருந்தான். மிஸ் ஹார்டிகன் அதைப் படித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. ஜாரட்டும் சேர்ந்து சிரித்தான்.

"பொறந்ததுலேருந்து இங்கிலீஷ் பேசுறீங்க. உங்களுக்கு மார்க் பன்னிரண்டு, பதிமூணு. நாலு வருஷத்துக்கு முன்னாடி டோங்காத் தீவிலேருந்து வந்தவளுக்கு இருபது!" என்றார் மிஸ்.

லோசா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு.

அவள் இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்லபின் ஊருக்கு அவள் குடும்பம் வந்த புதிதில் பள்ளியில் ஒரு மாலை விருந்து. அழைப்பிதழில் 'ஆளுக்கு ஒரு தட்டு கொண்டு வாருங்கள்' என்று போட்டிருந்தது. பள்ளியில் தட்டுக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது என்று நினைத்து, அம்மா நான்கு தட்டுகளைப் பளபளவென்று துலக்கி எடுத்துப் போனாள். மற்ற அம்மாக்களின் தட்டுகளில் கேக்கும் சமோசாவும் சாண்ட்விச்சும் இருந்தன. 'ஒரு தட்டு' என்றால் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா அந்த நான்கு தட்டுகளையும் மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு, மாலை முழுவதும் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம் என்றால் லோசாதான். வங்கிக் கடிதம், மருத்துவர் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வது, எல்லாம் அவள் வழியாகத்தான் வரும். அப்பா சோசயா ஆரஞ்சுப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். அவருக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் தெரியும். பெட்டி, தட்டு, தூக்கு, சீக்கிரம். அவ்வளவுதான். புரியாத சொல் ஏதாவது காதில் விழுந்தால் அதை அப்படியே ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது மகளிடம் கேட்பார்.

அந்த வியாழக்கிழமை, தேர்வுத் தாளோடு லோசா ஓடிவந்தபோது, அப்பா ஏற்கெனவே வீட்டில் இருந்தார். மணி மூன்றரைதான். மேசை மேல் ஒரு பெட்டி ஆரஞ்சு.

"அப்பா! ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

"வா, வா. உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்றார் அப்பா. முகம் மலர்ந்திருந்தது. "மத்தியானம் டாரில் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. தோள்ல கை போட்டாரு. 'நீ நல்ல உழைப்பாளி, மேட்'னாரு."

டாரில் கொட்டகையின் மேலாளர். அவர் எல்லாரையும் 'மேட்', அதாவது 'நண்பா', என்றுதான் கூப்பிடுவார். பிடித்தவரையும் அப்படித்தான், பிடிக்காதவரையும் அப்படித்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் 'உன்னைப் போக விட வேண்டியிருக்கு'ன்னு சொன்னாரு. அந்தச் சொல்லை அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன். கடைசியில, 'கடினமா ஒண்ணும் தோணலையே?'ன்னு கேட்டாரு. இல்ல, நல்லாத்தான் இருக்குன்னேன். இந்தப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினாரு. என்ன அர்த்தம், சொல்லு."

லோசா கையில் இருபதுக்கு இருபது. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"இது கேக் துண்டு அப்பா! போக விடுறோம்னா, போகலாம்னு அனுமதி. உங்களுக்கு லீவு கொடுத்திருக்காங்க!"

"லீவா? சம்பளத்தோடயா?" என்று சமையலறையிலிருந்து அம்மா அலிசி எட்டிப் பார்த்தாள். "சும்மா கிடைக்குமா அது?"

"மூணு வருஷத்துல ஒருநாள்கூட நான் லீவு எடுத்ததில்ல. அவரும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்காரு?" என்றார் அப்பா. "நாளைக்கு, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை தெம்பாப் போய் நிப்பேன்."

அந்த மூன்று நாட்கள் போல ஒன்று அவர்கள் வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வாசலில் அப்பா தூண்டிலோடு நின்றார். லோசாவின் தம்பி ஃபெலெட்டிக்கு ஆறு வயது. அவன் அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து, ஆற்றங்கரை வரைக்கும் பாடிக்கொண்டே வந்தான். அப்பா மூன்று கெண்டை பிடித்தார். நான்காவதாக ஃபெலெட்டியின் செருப்பைப் பிடித்தார். சனிக்கிழமை அம்மா சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொதிந்து, லூ என்ற டோங்கா உணவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றபோது, அப்பா எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மேலாளர் டாரில் என்னை நினைச்சுப் பார்த்து ஓய்வு கொடுத்தாரு. ஆண்டவர் அவரையும் அவர் பிள்ளைகளையும் ஆசீர்வதிக்கட்டும்" என்றார்.

எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். அதே கொட்டகையில் வேலை செய்யும் மாக்கா மாமா மட்டும், "ஒயவே, அடேங்கப்பா! எனக்கு அரை நாள்கூடக் கொடுக்கல அந்த ஆளு" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அப்பா சாப்பாட்டு டப்பாவோடு சைக்கிளில் கிளம்பினார்.

லோசா பள்ளி விட்டு வந்தபோது அப்பாவின் வேலைப் பூட்ஸ் வாசலில் கிடந்தது. ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து. அப்பா எப்போதும் இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைப்பவர்.

உள்ளே அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அம்மா சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஃபெலெட்டிகூடச் சத்தமில்லாமல் மூலையில் இருந்தான்.

"லோசா, போக விடுறதுன்னா லீவு இல்லையாம்" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் லோசாவுக்குப் பயமாக இருந்தது. "வேலையை விட்டு அனுப்புறதாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புத்தகப்பையைக் கீழே வைத்தாள்.

அன்று நடந்ததை மாக்கா மாமா சாயங்காலம் வந்து சொன்னார். அப்பா வழக்கம்போல் உள்ளே போய் மேலங்கி மாட்டும் ஆணியைப் பார்த்திருக்கிறார். அதில் வேறொருவரின் மேலங்கி தொங்கியது. யாரோ தவறாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் நின்று பழத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். கால்மணி நேரம் கழித்துத்தான் டாரில் பார்த்தார்.

"'மேட், வியாழக்கிழமையே சொன்னேனே'ன்னாரு டாரில். அதுக்கு உங்க அப்பா, 'ஆமா, லீவு ரொம்ப நல்லா இருந்தது, நன்றி'ன்னு சொன்னாரு" என்றார் மாக்கா மாமா. "வரிசையில நின்ன பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துட்டான்."

"போதும் மாக்கா" என்றாள் அம்மா.

லோசா அப்பாவின் அருகே போனாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் அப்பா. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"நீ குழந்தை. உன் மேல தப்பு இல்ல" என்றார் அப்பா.

ஆனால் அன்று தேநீர் குடிக்கும்போது அவர் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வேலை கேட்டுத் தோட்டம் தோட்டமாகப் போய்விட்டு வருவார். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்ல மாட்டார். வங்கியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த தெரு பாதிரியாரிடம் காட்டப் போனார். வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தபோது, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று லோசாவுக்குத் தோன்றியது.

புதன்கிழமை மதிய இடைவேளையில் அவள் விளையாடப் போகவில்லை. நேராக மிஸ் ஹார்டிகனின் மேசை முன் போய் நின்றாள்.

"மிஸ், 'போக விடுறோம்'ங்கறதை ஏன் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல?"

மிஸ் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "ஏன் கேக்குற லோசா?"

லோசா எல்லாவற்றையும் சொன்னாள். ஆணியில் தொங்கிய மேலங்கி வரைக்கும் சொன்னாள். சர்ச்சில் நடந்ததை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தாள்.

மிஸ் தேர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "அது நம்ம பட்டியல்ல இல்ல. படம் வரைய வசதியா இருக்கிற தொடர்களை மட்டும்தான் நான் எடுத்தேன்" என்றார் கடைசியில்.

"அந்த மாதிரி இன்னும் இருக்கா?"

"இருக்கு. நிறைய இருக்கு."

"எல்லாத்தையும் சொல்லுங்க மிஸ்."

மிஸ் ஒரு தாளை எடுத்தார். எழுத எழுத லோசா பார்த்துக்கொண்டே இருந்தாள். 'நாங்கள் தொடர்பு கொள்கிறோம்' என்றால் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். 'நிலைமை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது' என்றால் பணம் கிடையாது. 'உன் பெயரைக் கோப்பில் வைத்திருப்போம்' என்றால் மறந்துவிடுவோம். 'கடினமாக ஒன்றும் தோன்றவில்லையே' என்றால், நான் உனக்குக் கெடுதல் செய்திருக்கிறேன், நீ கோபப்படாமல் இரு.

"இதையெல்லாம் ஏன் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள் லோசா.

"கெட்ட செய்தி பாரு. நேரா சொன்னா சொல்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கேக்குறவங்களுக்கு?"

மிஸ் ஹார்டிகன் பேனாவை மூடினார். தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு வாரம் போனது. ஆரஞ்சுப் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாக்கா மாமா வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்க நாலு பேரையும் நாளைக்கு வேலை முடிஞ்சதும் இருக்கச் சொல்லியிருக்காரு டாரில். 'ஒரு சின்னப் பேச்சு'ங்கறாரு" என்றார். "லோசா, நீ வர்றியா? அவரு சொல்றது எங்களுக்குப் புரியணும்."

லோசா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நான் வேணாம் மாமா. நான் தப்பாச் சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அவரையே திருப்பிக் கேளு. நாங்க மூணு வருஷமா அதைக்கூடச் செய்யல. தலையை ஆட்டிக்கிட்டே இருந்துட்டோம்."

அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "குழந்தையைத் தனியா அனுப்ப மாட்டேன். நீங்க போங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"கேட் வரைக்கும் வர்றேன். உள்ள வர மாட்டேன்" என்றார் அப்பா.

அடுத்த நாள் நான்கு மணிக்குக் கொட்டகையின் இயந்திரம் நின்றது. உள்ளே ஆரஞ்சுத் தோலின் வாசனை மூக்கை அரித்தது. மாக்கா மாமாவும் இன்னும் மூன்று டோங்கா ஆட்களும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், பள்ளிச் சீருடையிலேயே, லோசா. அவள் வயிற்றில் இருந்தது பட்டாம்பூச்சி அல்ல. கல்.

டாரில் அலுவலக அறையிலிருந்து வந்தார். சிவந்த முகம், கையில் தேநீர்க் கோப்பை. லோசாவைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாரு? இது குழந்தைங்க வர்ற இடம் இல்ல."

மாக்கா மாமா முன்னால் வந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒன்றாகத் திரட்டி, "இவ இருப்பா. நாங்க கேப்போம். இவ இல்ல, நாங்க கேக்க மாட்டோம்" என்றார்.

டாரில் தோளைக் குலுக்கினார். பிறகு பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். எல்லாரும் அருமையான ஆட்கள் என்றார். இந்த வருடம் நிலைமை கொஞ்சம் இறுக்கம் என்றார். தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்றார். ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம் என்றார். கடைசியில், "அதனால, மேட், வருத்தத்தோட உங்களைப் போக விட வேண்டியிருக்கு. கடினமா ஒண்ணும் இல்லையே?" என்று முடித்தார்.

நான்கு பேரும் லோசாவைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பழக்கத்தில் தலையை ஆட்டக்கூட ஆரம்பித்திருந்தார்கள்.

லோசா டோங்கா மொழியில் சொன்னாள்: "வேலை போச்சு. உங்க நாலு பேருக்கும். கோபப்படாதீங்கன்னு சொல்றாரு."

ஆடிய தலைகள் நின்றன.

"நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே?" என்றார் டாரில்.

"உங்க பேச்சுல அவ்வளவுதான் இருந்தது" என்றாள் லோசா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கன்னம் சுட்டது.

"கடைசி நாள் எதுன்னு கேளு" என்றார் மாக்கா மாமா.

"கடைசி நாள் எது?" என்று கேட்டாள்.

"பாரு, இந்த வார முடிவு மாதிரி, அதைச் சுத்தி..."

"எந்தக் கிழமை? எனக்குத் தெரியலைன்னா நான் தப்பாச் சொல்லிடுவேன்."

டாரில் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளி."

"வெள்ளிக்கிழமை" என்றாள் லோசா அவர்களிடம்.

"அடுத்த வருஷம் கூப்பிடுவாராமா?"

அவள் கேட்டாள். டாரில் சட்டென்று மலர்ந்து, "நிச்சயமா! பருவம் ஆரம்பிச்சதும் உங்களுக்கு ஒரு ரிங் கொடுக்கிறேன்" என்றார்.

மாக்கா மாமாவுக்கு அந்தச் சொல் தெரியும். "மோதிரமா? எனக்குக் கல்யாணம் ஆகி மூணு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லு!" என்றார்.

மற்ற மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். லோசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மோதிரம் இல்ல மாமா. போன் மணி. போன்ல கூப்பிடுவாராம்."

"ஓ" என்றார் மாக்கா மாமா. சிரிப்பு மெல்ல அடங்கியது. "கூப்பிடுவாரா?"

மிஸ் எழுதிக் கொடுத்த தாள் லோசாவுக்கு நினைவு வந்தது. ஆனால் இந்த முறை அவள் தானாக அர்த்தம் சொல்லவில்லை. டாரிலின் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடுவீங்களா, மாட்டீங்களான்னு கேக்குறாங்க. ஆமாவா, இல்லையா?"

"அது பாரு, விளைச்சலைப் பொறுத்து..."

"ஆமாவா, இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாள். நகராமல் நின்றாள். "கூப்பிடுவீங்கன்னு நான் சொன்னா, இவங்க வேற வேலைக்குப் போகாம இந்த ஊர்லயே காத்துட்டிருப்பாங்க."

கொட்டகையில் எங்கோ ஒரு பழம் பெட்டியிலிருந்து விழுந்து உருண்டு போகும் சத்தம் கேட்டது. டாரில் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரை மட்டும் கூப்பிடுவேன்" என்றார். மெதுவாக இருவரைக் காட்டினார். "மாக்காவும் அந்தப் பெரியவரும் வேண்டாம். அடுத்த வருஷம் புது இயந்திரம் வருது."

லோசா மாக்கா மாமாவைப் பார்த்தாள். டோங்காவில் ஃபெலெட்டி பிறந்த அன்று மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியவர் அவர்தான். ஆனால் சுற்றி வளைத்தால் தானும் டாரிலாகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு இல்ல மாமா. அடுத்த வருஷமும் இல்ல. மிஷின் வருதாம்."

மாக்கா மாமா தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு, "சரி. அப்போ இன்னிக்கே வேற இடம் பார்க்கலாம்" என்றார். "நல்லவேளை, தெரிஞ்சுது."

எல்லோரும் கிளம்பினார்கள். லோசா மட்டும் நின்றாள்.

"எங்க அப்பாகிட்டயும் இப்படி நேரா சொல்லியிருக்கலாமே?" என்று டாரிலிடம் கேட்டாள்.

"நீ சோசயாவோட பொண்ணா?" டாரிலின் முகம் இன்னும் சிவந்தது. "பக்குவமாச் சொல்லணும்னுதான் பார்த்தேன். மனசு நோகக் கூடாதுன்னு."

"லீவு கொடுத்தீங்கன்னு நினைச்சிட்டாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எழுந்து, உங்களுக்காகவும் உங்க பிள்ளைங்களுக்காகவும் ஜெபம் பண்ணினாரு."

டாரில் தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார்.

லோசா வெளியே நடந்தாள். பாதி தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. டாரில் அவளைத் தாண்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். அங்கே அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சோசயா" என்றார் டாரில். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார். "உனக்கு இங்க வேலை இல்ல. அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கணும். சொல்ல எனக்குத் தைரியம் வரல. மன்னிச்சிடு."

லோசா மொழிபெயர்க்க வாய் எடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"புரிஞ்சுது" என்றார், ஆங்கிலத்திலேயே.

டாரில் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்திருந்தார். எடுக்கவில்லை. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு, "ஏறு லோசா" என்றார்.

அப்பா சைக்கிளை மெதுவாக மிதித்தார். பாலத்துக்கு வந்ததும், "மாக்காகிட்ட இல்லைன்னு சொன்னப்போ கஷ்டமா இருந்ததா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"ஹ்ம்" என்றார் அப்பா. மிதித்துக்கொண்டே ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து, அவள் முழங்காலை ஒருமுறை அழுத்தினார்.

கல்லபினில் அப்பாவுக்கு வேலை கிடைக்கவே இல்லை. ஒரு திராட்சைத் தோட்டத்து அம்மா, "ஆள் வேண்டாம், இந்த வருஷம் முழுக்க வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டாள். அப்பா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் நான்கு மணி நேரப் பயணத்தில், ஆட்டிறைச்சி வெட்டும் கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. மாக்கா மாமாவுக்கும் அங்கேயேதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும்.

அப்பா போன அன்று ஃபெலெட்டி பேருந்து நிலையத்தில் ஆர்ப்பாட்டம் செய்தான். லோசா அழவில்லை. வீட்டுக்கு வந்து, மேசையில் தேநீருக்கு நான்கு கோப்பை எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் அழுதாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அம்மா பேசினாள், ஃபெலெட்டி பேசினான், பிறகு லோசா.

"எப்படி இருக்கு அப்பா?"

"குளிரு. கூடத்துக்குள்ள ஐஸ் மாதிரி இருக்கு. மாக்கா குறட்டை விடுறான்" என்றார் அப்பா. பிறகு குரல் மாறியது. "இன்னிக்கு ஒண்ணு நடந்தது. எனக்குக் கொடுத்த வரிசை மொத்தத்தையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டேன். மேற்பார்வை பார்க்கிறவரு நம்பல. 'என்கிட்ட பச்சை இறாலா வராதே, மேட்'னாரு."

"பச்சை இறாலா?" லோசா யோசித்தாள். மிஸ்ஸின் முதல் பட்டியலிலும் அது இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அவள் ஒரு விநாடி தயங்கினாள். "எனக்குத் தெரியல அப்பா. நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். அவரையே கேட்டுட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. 'இங்க ஆடுதானே வெட்டுறோம், இறால் எங்க? அதுக்கு என்ன அர்த்தம்?'னு கேட்டேன்."

லோசா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சிரிச்சாங்களா அப்பா?"

"சிரிச்சாங்க" என்றார் அப்பா. "அப்புறம் 'என்னை ஏமாத்தப் பார்க்காதே'ன்னு அர்த்தம் சொன்னாங்க."